தண்டவாளத்தில் நிற்கும் பாட்டு

நெல்டா கோவர் அடுத்தவர் பாட்டைப் பாடினால் வெசெல்கா ஊரே ஆடும். தன் சொந்தப் பாட்டை எடுத்தாளோ, போச்சு, ஊரே போய் உட்கார்ந்துகொள்ளும். இத்தனைக்கும் குரலில் ஒரு குறையும் கிடையாது. டெக்சாஸின் அந்த மூலையில் அடிவயிற்றிலிருந்து அப்படி ஒரு இழுப்பு இழுத்து, அதை மூக்கோரம் லேசாக உடைத்துப் பாட அவளை விட்டால் ஆளில்லை. கல்யாணம், மாட்டுச் சந்தை, தீயணைப்புக்காரர்களின் மீன் விருந்து, ஏன், இழவு வீடு என்றால்கூட முதலில் அவளுக்குத்தான் போன் போகும். ஞாயிறு காலையில் உள்ளூர் ரேடியோவில் அவள் குரலைக் கேட்டுக்கொண்டேதான் பாதி ஊர் பூசைக்குக் கிளம்பும். எல்லாம் சரி. ஆனால் அவள் எழுதிய பாட்டு என்றால் மட்டும் ஊருக்குக் கால் வலி வந்துவிடும்.

வெசெல்கா ஆட்டக்கூடத்தில் யாரும் கை தட்டுவதும் இல்லை, கூச்சல் போடுவதும் இல்லை. அங்கே தீர்ப்பைச் சொல்வது கால்தான். பாட்டு பிடித்திருந்தால் ஜோடி ஜோடியாகத் தரையிலேயே நிற்பார்கள், அடுத்த பாட்டுக்குக் காத்திருப்பார்கள். பிடிக்கவில்லையென்றால் ஒரு வார்த்தை பேசாமல் பெஞ்சுக்குப் போய்விடுவார்கள். பூட்ஸ் வழுக்கி ஓட வேண்டும் என்று மக்காச்சோள மாவு தூவிய அந்தப் பலகைத் தரை காலியாகக் கிடப்பதைவிடப் பெரிய அவமானம் ஒரு பாடகருக்குக் கிடையாது.

கூடத்தின் தலைவர் அல்ஃபோன்ஸ் ட்ரோஸ்டாவுக்கும் அது பொறுக்காது. பருத்தி ஆலையில் காலமெல்லாம் எடை போட்ட மனிதர். தொப்பையும், அதைத் தாங்கிப் பிடிக்கும் தோள்பட்டை வாரும், பீரங்கி மாதிரி குரலும் உண்டு. தரை காலியானதைப் பார்த்தால் போதும், மாதா கோயில் பெண்கள் சுட்டுக் கொடுத்த கேக்கில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மேடையேறி ஏலம் போட ஆரம்பித்துவிடுவார். பாடுகிறவர் வாயை மூடிக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டியதுதான். நெல்டா சொந்தப் பாட்டை எடுக்கும்போதெல்லாம் அல்ஃபோன்ஸ் கேக்கைத் தேடுவார். ‘இன்னைக்கு நெல்டா அவ பாட்டைப் பாடுவாளா? அப்ப என் கேக் நல்ல விலைக்குப் போகும்’ என்று பெண்கள் அவள் காதுபடவே பேசிக்கொண்டார்கள். அவளும் சிரித்து வைப்பாள். வேறென்ன செய்வாள்?

உள்ளுக்குள் மட்டும் எரியும். அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. பெரிய நகரம் வேண்டாம், தொப்பியில் ஜிகினா வேண்டாம். தன் பாட்டுக்குத் தன் ஊர் தன் கூடத்தில் ஒரு தரம் ஆட வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஊரில் பாட்டு சோறு போடாது. அதனால் நெல்டா பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். புருஷன் எமில் மாடு வளர்த்தான், புல் அறுத்துக் கட்டினான், சனி ஞாயிறுகளில் அவளுக்கு டிரம் அடித்தான். எமில் பேசுவது குறைவு. பேசவேண்டியதைக் குச்சியால் பேசிவிடுவான். நெல்டா பாட்டுக் கட்டியதெல்லாம் ஸ்டீயரிங்குக்குப் பின்னால்தான். பஸ் ஓடும் வேகத்துக்குத் தாளம் வரும், தாளத்துக்கு வார்த்தை வரும். பின்னால் பிள்ளைகள் போடும் கூச்சல் அவளுக்கு ஒரு தொந்தரவாகவே படவில்லை.

பருத்தி ஆலை தாண்டினால் ஒரு லெவல் கிராசிங். கேட் கிடையாது, ஆள் கிடையாது. பள்ளிக்கூட பஸ் என்றால் அங்கே நின்றே தீர வேண்டும், அது சட்டம். பஸ்ஸை நிறுத்தி, ‘சத்தம் போடாதீங்க’ என்று பிள்ளைகளை அடக்கி, கதவைத் திறந்து, ரயில் வருகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்து, காது கொடுத்துக் கேட்டு, அப்புறம்தான் தாண்ட வேண்டும். நெல்டா தினமும் நின்றாள். பாட்டும் அவளோடு நின்றது. அப்படி ஒரு நாள் ஒரு பாட்டு வந்தது.

‘நின்னேன், கதவத் தொறந்தேன், காத்து சொல்றதக் கேட்டேன்’ என்று அது தொடங்கும், சரணத்துக்குச் சரணம் அதே அடி திரும்ப வரும். உடனே ஒரு நிறுத்தம். கிட்டார் நிற்கும், டிரம் நிற்கும், எல்லாம் நிற்கும். ஒரு மூச்சு விடும் நேரம் வெறும் காற்று. அப்புறம்தான் அடுத்த அடி:

‘தண்டவாளம் போற தெசையில கடலிருக்கு,
திரும்பிப் போனா வீடிருக்கு,
பின்சீட்டு பூரா ஊரிருக்கு,
நேராத்தான் நான் போனேன்.’

எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவிடலாமா என்று தினம் ஒரு நொடி யோசித்து, பிறகு ஓடாமல் வேலைக்குப் போகிற ஒரு பெண்ணின் பாட்டு அது. அந்த நொடியைத்தான் அவள் அங்கே நிறுத்தி வைத்திருந்தாள். அந்த நிறுத்தம் இல்லாவிட்டால் பாட்டே இல்லை. அதை முதல் தடவை கேட்டபோது எமில் குச்சியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். எமில் அழுது நெல்டா பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆகஸ்ட் மாதத்து மாதா திருநாள் வந்தது. பூசை முடிந்து, கொப்பரையில் வெந்த மாட்டிறைச்சிக் குழம்பும் வறுத்த கோழியும் தீர்ந்து, மதியம் ஆட்டம் தொடங்கியது. கூடம் நிறைந்திருக்கும்போது நெல்டா புதுப்பாட்டை எடுத்தாள். ஆட்டக்காரர்களுக்கு முன்னால் விளாஸ்தா ஹாயெக் சுற்றி வந்தாள். வீட்டிலேயே தலைமுடி வெட்டும் கடை வைத்திருப்பவள், நெல்டாவோடு ஒரே பெஞ்சில் படித்தவள், அந்த வட்டாரத்திலேயே அவளைப் போல ஆடுகிறவள் கிடையாது. புருஷன் லெஸ்டர் அவளைச் சுழற்றி விட்ட நேரம் பார்த்துப் பாட்டு பொசுக்கென்று நின்றது. லெஸ்டர் நின்றுவிட்டான். விளாஸ்தா நிற்கவில்லை. ஒரு கால் காற்றில், கை பிடி நழுவி, மக்காச்சோள மாவில் வழுக்கி, பாவாடை ஒரு பக்கம் செருப்பு ஒரு பக்கமாக ஊர் முன்னால் தொப்பென்று உட்கார்ந்தாள். பின்னால் வந்த ஜோடிகள் ஒன்றின் மேல் ஒன்று மோதின. அடுத்த நிமிஷம் தரையில் ஒரு ஈ காக்காய் இல்லை. அல்ஃபோன்ஸ் கசகசா கேக்கோடு மேடையில் இருந்தார்.

“வேணும்னே பண்ணியாடி?” என்று விளாஸ்தா வாசலில் மறித்துக் கேட்டாள்.

“ஐயோ மாதாவே, உன்னைத் தள்ளிவிட நான் ஏன்டி பாட்டுக் கட்டணும்? பாட்டு அங்க நிக்கும். அது அப்படித்தான்.”

“பாட்டு நிக்கும்! நான் விழுவேன்! ஊர் சிரிக்கும்! நல்லா இருக்குடி உன் பாட்டு!”

அன்றோடு பேச்சு நின்றது. நெல்டா முடி வெட்டிக்கொள்ளப் பக்கத்து ஊருக்குப் போகத் தொடங்கினாள். ஒரே ஒரு முடிவெட்டுக் கடை இருக்கிற ஊரில் அதைவிடப் பெரிய போர்ப் பிரகடனம் எதுவும் இல்லை. பாட்டை மட்டும் அவள் விடவில்லை. வருஷா வருஷம் பிடிவாதமாக எடுத்தாள், வருஷா வருஷம் கேக் விற்றது. அதற்குப் பின் எழுதிய மற்றப் பாட்டுகளுக்கும் அதே கதிதான். ‘நெல்டா எழுதினதா? எங்க குழி இருக்கோ தெரியாது’ என்று ஜனம் முன்ஜாக்கிரதையாகப் பெஞ்சுக்குப் போய்விடும்.

காலம் ஓடியது. நெல்டாவுக்குத் தலை நரைத்தது. மாவட்டக் கண்காட்சி ஒன்றில் அவள் பாடிக்கொண்டிருந்தபோது, பரிசு வாங்கிய காளைகளைப் பார்க்க வந்த கூட்டத்தில் கிரேடி பெல் என்று ஒருவர் நின்றிருந்தார். டென்னசி மாநிலத்து நாஷ்வில்லில் இசைத்தட்டு எடுப்பவர். அங்கே மாட்டுக் கொட்டகைப் பக்கம் யாரும் ஆடவில்லை, நின்றுதான் கேட்டார்கள். நிறுத்தத்தில் அவருக்குக் கையில் மயிர் சிலிர்த்துவிட்டதாம். அங்கேயே விலாசம் கொடுத்து வரச் சொன்னார். ஊருக்கு விஷயம் தெரிந்ததும் அல்ஃபோன்ஸே மேடையில் அறிவித்தார். கோயில் பெண்கள் வழிச் சாப்பாட்டுக்கு ஒரு கூடை பழ பன் சுட்டுக் கொடுத்தார்கள். போகும்போது கோவர் தம்பதிக்கு ஊரே கையசைத்தது.

நாஷ்வில்லில் வாத்தியக்காரர்கள் தேவாமிர்தமாக வாசித்தார்கள். கிரேடிதான் மெல்ல ஆரம்பித்தார்.

“பாட்டு தங்கம்மா. ஒரே ஒரு சின்ன விஷயம். அந்த நிறுத்தத்தை மட்டும் எடுத்துடலாம்.”

“உங்களுக்கு அதுதானே புடிச்சிருந்தது?”

“எனக்குப் புடிச்சது. ஆனா நான் ஆடலையே? ஆடறவன் கால் ஒத்துக்காது. ரேடியோக்காரன் மெஷின் கெட்டுப்போச்சுன்னு நெனைப்பான். நேரா ஓடவிட்டா இது எங்கயோ போயிடும்மா.”

நெல்டா முயற்சி செய்து பார்த்தாள், அதைச் சொல்ல வேண்டும். கண்ணாடி அறைக்குள் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பாடினாள். அந்த இடம் வந்ததும் வாத்தியங்கள் நிற்காமல் ஓடின, அவள் வாய் மட்டும் நின்றது. திரும்பத் திரும்ப எடுத்தார்கள். திரும்பத் திரும்ப அவள் வாய் நின்றது. கடைசியில் காதில் மாட்டியதைக் கழற்றி வைத்தாள்.

“அந்த எடத்துல நிக்காம தாண்டுனா என் வண்டியில இருக்கிற பிள்ளைங்க செத்துடும், சார்.”

கிரேடிக்கு அது விளங்கவில்லை. நல்ல மனிதர், கோபிக்கவும் இல்லை. வருத்தத்தோடு கை குலுக்கி அனுப்பினார். டென்னசியிலிருந்து டெக்சாஸ் வரை எமில் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினான். “சரிதான்” என்றான். சரி என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் வழியெல்லாம் அழுகை வந்தது.

ஊர் வாயை மூட முடியுமா? போன மச்சான் திரும்பி வந்தான் என்று இறைச்சிக் கடையிலும் தபால் நிலையத்திலும் ஒரே பேச்சு. கொடுத்த பழ பன்னை நினைத்துச் சிலருக்கு வயிற்றெரிச்சல் வேறு. அடுத்த மாதா திருநாளுக்கு ஏற்பாடு பேச, அல்ஃபோன்ஸ் கூடத்துக்கு அவளைக் கூப்பிட்டார். கூடத்துக் கமிட்டி மொத்தமும் பீர் போத்தலும் கையுமாக உட்கார்ந்திருந்தது.

“நெல்டா, இந்த வருஷமும் நீதான் பாடற. ஆனா ஒரு நிபந்தனை. அந்த நொண்டிப் பாட்டு வேணாம்.”

“அது நொண்டி இல்ல அண்ணே.”

“அப்ப ஆடறவங்கதான் நொண்டியா? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன மாதிரி இருக்கு உன் கதை! நாஷ்வில்காரனே ஆகாதுன்னு அனுப்பிட்டானாமே. நான் என்னம்மா பண்ணுவேன்? காலித் தரையைப் பார்த்தா எனக்குப் படபடன்னு வருது. டாக்டர் வேற பயமுறுத்தறான்.”

கமிட்டி சிரித்தது. நெல்டாவுக்குக் காதெல்லாம் சூடேறியது. இத்தனை வருஷம் சிரித்து மழுப்பியவள் அன்றைக்கு மழுப்பவில்லை.

“ஒரு தரம் பாடறேன் அண்ணே. இதுதான் கடைசி. தரை காலியாச்சுன்னா அந்தப் பாட்டை மட்டும் இல்ல, நான் எழுதின எதையும் இந்த ஜென்மத்துல இந்த மேடையில பாட மாட்டேன். அடுத்தவங்க பாட்டே பாடிட்டுச் சாகறேன். போதுமா?”

சிரிப்பு அடங்கியது. அல்ஃபோன்ஸ் ஒரு மிடறு குடித்தார்.

“எல்லார் முன்னாடியும் சொல்லிட்ட, நெல்டா.”

“சொல்லத்தானே வந்தேன்.”

வீராப்பாகச் சொல்லிவிட்டு வந்தாளே ஒழிய, வீட்டுக்கு வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. ஊரோ மாறாது. ஜனத்தின் காலும் மாறாது. பாட்டை மாற்ற அவளுக்கு மனம் இல்லை. என்னதான் வழி? அடுப்பங்கரையில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். எமில் அவளைப் பார்த்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாக நாலு வார்த்தை பேசினான்.

“நாம ரெண்டு பேரும் ஆடினதே இல்ல.”

அவ்வளவுதான் சொன்னான், மாட்டுக்குத் தீனி வைக்கப் போய்விட்டான். நெல்டாவுக்குச் சுருக்கென்றது. உண்மைதானே! பதினாறு வயதில் மேடையேறியவள், எமிலோ டிரம்முக்குப் பின்னால் வளர்ந்தவன். தங்கள் கல்யாணத்திலேயே அவர்கள்தான் வாசித்தார்கள். ஊரையே ஆட்டிவைத்தவளுக்கு ஆடத் தெரியாது. தன் பாட்டு நிற்கும்போது ஆடுகிறவர் கால் எங்கே இருக்கும் என்று அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை.

தெரிந்தவள் ஒருத்திதான். அவள் முன்னால் போய் நிற்க நாஷ்வில் போவதைவிட அதிகத் தைரியம் வேண்டியிருந்தது. மறுநாள் காலை பஸ் ஓட்டி முடித்துவிட்டு, மதியம் விளாஸ்தாவின் கடைக் கதவைத் தட்டினாள். உள்ளே யாரும் இல்லை. விளாஸ்தா கத்தரிக்கோலோடு ஏற இறங்கப் பார்த்தாள்.

“யாருடி உன் முடியை இப்படிக் கொதறி வெச்சது?”

“பக்கத்து ஊர்க்காரி.”

“தெரியுது, மாடு மேஞ்ச மாதிரி இருக்கு. என்ன வேணும்?”

“எனக்கு ஆடக் கத்துக் கொடு.”

விளாஸ்தா கத்தரிக்கோலை மேசைமேல் வைத்தாள். “என்னது?”

“என் பாட்டுக்கு. நீ விழுந்த பாட்டுக்கு. நீ ஏன் விழுந்தன்னு எனக்குத் தெரியணும்டி. இத்தனை வருஷம் கேக்காம விட்டது என் தப்புத்தான். திட்டணும்னா மொதல்ல திட்டிக்கோ.”

விளாஸ்தா திட்டினாள். வஞ்சனை இல்லாமல் திட்டினாள். சேர்த்து வைத்தது எல்லாம் வந்தது, பக்கத்து ஊர்க்காரியும் அதில் அடக்கம். திட்டி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, முடி வெட்டும் நாற்காலியை ஓரமாகத் தள்ளினாள். அடுப்பங்கரையிலிருந்து ஒரு கை மக்காச்சோள மாவு கொண்டுவந்து தரையில் வீசினாள்.

“வா. நான்தான் ஆம்பள. சட்டு, சட்டு, மெல்ல, மெல்ல. என் காலைப் பார்க்காத, என் மூஞ்சியைப் பாரு. அடி, நீ என்னடி மாட்டு வண்டி மாதிரி வர்ற! ஆங், அப்படி. இப்பப் பாடு.”

நெல்டா முனகிக்கொண்டே ஆடினாள். ‘காத்து சொல்றதக் கேட்டேன்’ என்று வந்ததும் நின்றாள். நின்றவள் ஒரு கால் தூக்கியபடி தடுமாறி, தலை கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

“பார்த்தியா!” என்றாள் விளாஸ்தா. “நீ நிறுத்தறது ‘சட்டு’வுல. ஒரு கால் காத்துல இருக்கும்போது நிறுத்தினா மனுஷன் எப்படிடி நிப்பான்? கொக்கா?”

“ஆனா அந்த நிறுத்தம் அங்க வேணும் விளாஸ்தா. அது திடீர்னு வரணும். அதுதான் பாட்டே.”

“பஸ் ஓட்டறியே, திடீர்னு பிரேக் போடுவியா?”

நெல்டா தொட்டியை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“தண்டவாளத்துக்கு முன்னாடி நிக்கறதுக்குள்ள பின்னாடி வர்றவனுக்கு வெளக்கு காட்டுவியா மாட்டியா? சிவப்பு வெளக்கு காட்டாம சடார்னு நின்னா அவன் வந்து உன் மேல முட்டத்தானே செய்வான்? நாங்கதான் உன் பின்னாடி வர்ற வண்டிடி! எங்களுக்கு வெளக்கு எங்க?”

அடியாத்தாடி! கண்ணை மூடிக்கொண்டாள் நெல்டா. ஒரு நாள்கூட விளக்குப் போடாமல் பஸ்ஸை நிறுத்தியதில்லை அவள். பாட்டை நிறுத்தியதெல்லாம் விளக்கில்லாமல்தான். ஊர்மேல் எத்தனை கோபப்பட்டிருப்பாள், காது இல்லாத ஜனம் என்று எத்தனை தரம் திட்டியிருப்பாள்! காது அவர்களுக்கு இருந்தது. இவள்தான் சொல்லவே இல்லை.

அந்த வாரம் முழுக்க மதியம் தோறும் முடிவெட்டுக் கடை பூட்டியே கிடந்தது. உள்ளே எமில் ஒரு சின்ன டிரம்மோடு மூலையில் உட்கார்ந்திருந்தான். நிறுத்தத்தில் ஒரு இம்மிகூடக் குறைக்கவில்லை. அதற்கு முந்தின அடியில் ஒரு வார்த்தையை மட்டும் இழுத்துவிட்டார்கள், இரண்டு காலும் தரைக்கு வந்து சேர அவகாசம் கிடைத்தது. அந்த இழுப்பில் எமில் டிரம்மின் மர விளிம்பில் இரண்டு தட்டு தட்டினான். டக், டக். அதுதான் விளக்கு. லெஸ்டரைக் கூப்பிட்டு வந்து ஆட வைத்தார்கள். இடுப்புப் பிடிப்புள்ள அவன்கூட நின்றான், போனான், விழவில்லை. வெளியே வரும்போது நெல்டாவின் முடியும் ஒழுங்காக வெட்டப்பட்டிருந்தது.

மாதா திருநாள் அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. பந்தயத்தைப் பார்க்கவே பக்கத்து ஊர்களிலிருந்து ஜனம் வந்துவிட்டது. நெல்டா மற்றவர் பாட்டுகளைப் பாடினாள், கூடம் குலுங்கியது. பிறகு மைக்கைப் பிடித்து, “அடுத்தது நான் எழுதினது” என்றாள்.

ஒருவர்கூடக் கூச்சல் போடவில்லை. வழக்கம்போலப் பெஞ்சைப் பார்த்துத்தான் நடந்தார்கள், பாட்டு தொடங்குவதற்கு முன்னாலேயே! தரை மளமளவென்று காலியானது. அல்ஃபோன்ஸ் பெரிய சாக்லேட் கேக்கை இரண்டு கையிலும் ஏந்தி மேடைப் படியில் ஒரு காலை வைத்துவிட்டார். பாடுவதற்கு முன்னாலேயே தோற்றுவிட்டோம் என்று நெல்டா நினைத்தாள்.

அப்போதுதான் விளாஸ்தா லெஸ்டரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தரையின் நட்ட நடுவுக்கு வந்தாள். விழுந்தவள்! அதே பாட்டுக்கு விழுந்தவள்! பெஞ்சில் உட்காரப் போனவர்கள் பாதியில் நின்று திரும்பினார்கள். மறுபடியும் விழுவாளா என்று பார்க்கும் ஆசை யாரை விட்டது? நெல்டா கிட்டாரை மீட்டினாள்.

‘நின்னேன், கதவத் தொறந்தேன், காத்து சொல்றதக் கேட்டேன்...’

டக், டக்.

எல்லாம் நின்றது. விளாஸ்தாவும் லெஸ்டரும் தரையில் நான்கு காலும் பதிய, முகத்தோடு முகம் பார்த்து, அப்படியே நின்றார்கள். மேலே மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பாட்டு கிளம்பியது, அவர்களும் கிளம்பினார்கள், வெண்ணெயில் கத்தி போவது போலப் போனார்கள். பெஞ்சிலிருந்து யாரோ “அடேயப்பா!” என்றார்கள்.

இரண்டாவது சரணத்துக்குள் ஒரு இளஞ்ஜோடி இறங்கியது. பின்னாலேயே இறைச்சிக் கடைக்காரரும் அவர் மனைவியும். டக், டக் என்றதும் நின்றார்கள், நின்றதில் அவர்களுக்கே சிரிப்பு வந்தது. பிறகு தடுக்க ஆளில்லை. பெஞ்சுகள் காலியாகின. மூன்றாவது தரம் எமில் விளிம்பைத் தட்டியபோது கூடம் மொத்தமும் ஒரே நேரத்தில் நின்றது. அத்தனை பூட்ஸும், அத்தனை பாவாடையும், அத்தனை மூச்சும் நின்றன. பிறந்ததிலிருந்து அந்தக் கூடம் அவ்வளவு அமைதியாக இருந்து யாரும் பார்த்ததில்லை. அந்த அமைதிக்குள் நெல்டா தன் ஊரைப் பார்த்தாள். எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அடுத்த வார்த்தைக்காக. அவள் பாடினாள். அத்தனை காலும் ஒன்றாகத் தரையில் விழுந்ததில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

பாட்டு முடிந்தது. ஒருவரும் நகரவில்லை. தரையிலேயே, வியர்த்து வழிந்துகொண்டு, மேடையைப் பார்த்தபடி நின்றார்கள். வெசெல்காவில் அதற்கு மேல் ஒரு மரியாதை கிடையாது. நெல்டா மைக்குக்கு முன்னாலேயே அழுதாள், மூக்கைக்கூடத் துடைக்கவில்லை. அல்ஃபோன்ஸ் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக, கேக் சட்டையில் அப்பிக்கொண்டது தெரியாமல் நின்றிருந்தார்.

“இன்னொரு தரம் பாடும்மா!” என்று அவர்தான் முதலில் கத்தினார்.

பாடினாள். அதற்கப்புறமும் பாடினாள். தன் மற்றப் பாட்டுகளையும் ஒவ்வொன்றாக எடுத்தாள். அன்றைக்குக் கேக் ஒன்றுகூட விலை போகவில்லை, கடைசியில் வெட்டி எல்லோருக்கும் சும்மா கொடுத்தார்கள். செய்தி நாஷ்வில் வரை போனது. கிரேடி பெல் போன் போட்டு, நிறுத்தத்தோடேயே பதிவு செய்யலாமா என்று கெஞ்சினார். “மொதல்ல வந்து ஆடிப் பாருங்க சார், அப்பறம் பேசலாம்” என்றாள் நெல்டா. வந்தார், ஆடினார், பதிவும் ஆனது. அது ஊர் ஊராகப் போன கதையை நாம் சொல்ல வேண்டியதில்லை.

குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு. எமில் வண்டியை எடுத்தான். அன்றைக்கு அவர்களுக்கு எங்கும் பாட்டு இல்லை.

“எங்க போறோம்?”

“ஆட,” என்றான் எமில்.

தொலைவில் நோவா மோராவா என்று ஒரு ஊர். அவர்களை அங்கே யாருக்கும் அடையாளம் தெரியாது. மேடையில் சின்னப் பையன்கள் சேர்ந்த ஒரு குழு வாசித்துக்கொண்டிருந்தது. கோவர் தம்பதி தட்டுத் தடுமாறி, சட்டு சட்டு மெல்ல மெல்ல என்று முணுமுணுத்துக்கொண்டு, கூட்டத்தோடு சுற்றினார்கள். திடீரென்று மேடையிலிருந்து வந்தது, ‘நின்னேன், கதவத் தொறந்தேன்...’

நெல்டாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வேறொருவர் வாயிலிருந்து தன் பாட்டு வந்து அவள் கேட்டதே இல்லை. சுற்றிலும் முன்பின் தெரியாத ஜனம், தொப்பிக்காரர்கள், கைக்குழந்தையை இடுப்பில் வைத்து ஆடுகிற தாய்மார்கள், எல்லோரும் அதற்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டாள், காலை மறந்துவிட்டாள். டக், டக். கூடம் மொத்தமும் நின்றது. நெல்டா ஒருத்தி மட்டும் நிற்காமல் போய், முன்னால் நின்ற ஒரு பெரியவரின் முதுகில் முட்டினாள்.

பெரியவர் திரும்பினார். கோபம் இல்லை, பரிவாகச் சிரித்தார்.

“பரவால்லம்மா. இந்தப் பாட்டுல இந்த எடத்துல நிக்கணும். ரெண்டு தட்டு வரும் பாருங்க, அதக் கவனிச்சுக்கோங்க. எங்க ஊர்ப் பாட்டு இது, எங்க அப்பன் காலத்துலருந்து ஆடறோம். நீங்க ஊருக்குப் புதுசா?”

எமில் வாயைத் திறந்தான். நெல்டா அவன் கையை நறுக்கென்று கிள்ளினாள்.

“ஆமாங்க,” என்றாள், கண்ணில் நீர் முட்ட. “இப்பத்தான் கத்துக்கறேன்.”